பிறர் கண்ணீரும் பாடமாகட்டும்

1995 ஜூலைத் திங்களில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆடவரும் சிறுவரும் கொன்று குவிக்கப்பட்டனர். அது இனப்படுகொலையே எனச் சர்வதேச நீதிமன்றம் 2007-ல் தீர்ப்பளித்தது. ஜூலை 11-ஐ அதன் நினைவு நாளாக ஐ.நா. பொதுச்சபை 2024 மே மாதம் அறிவித்து, உண்மைகள் மறைக்கப்படாவண்ணம் கல்வியின் வாயிலாகப் பேணுமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

பிஞ்சு உள்ளங்களுக்கு இக்கொடுமைகளைச் சொல்லலாமா எனப் பெற்றோர் தயங்கக்கூடும். காமயகவுண்டன்பட்டியிலும் சூழவுள்ள கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களிலும் வாழும் நம் பிள்ளைகளையே எண்ணிப் பார்ப்போம். மதரஸாவில் ஓதும் பிள்ளை 'புரூஜ்' அத்தியாயத்தை மனனம் செய்கிறது. இறைவனை நம்பிய ஒரே காரணத்துக்காக நெருப்புக் குண்டத்தில் எறியப்பட்டோரின் வரலாறு அதில் உள்ளது. இஸ்ரவேலரின் ஆண் மகவுகளைப் பிர்அவ்ன் கொன்றதைக் 'கஸஸ்' அத்தியாயம் கூறுகிறது. அதே பிள்ளை பத்தாம் வகுப்பில், நாஜிகள் யூதரை அழித்தொழித்ததை அரசுப் பாடநூலில் படிக்கிறது. ஆகவே பாடம் புதிதன்று. ஓதுவதையும் படிப்பதையும் இணைத்துப் பொருளுணர்த்துவதே இன்று குறையாக உள்ளது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. திருமறை காட்டும் அம்மக்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முற்பட்ட சமுதாயத்தினர். அவர்தம் துயரையும் நம் பிள்ளைகளின் நாவில் இறைவன் வைத்தான். நாமோ நம்மவர் சிந்திய இரத்தத்தை மட்டும் நினைவிற் கொள்கிறோம்.

அண்டையிலுள்ள இலங்கையைப் பாருங்கள். 1990 ஆகஸ்டு 3, வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அவ்வாண்டு அக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 2009-ல் முள்ளிவாய்க்காலில் தமிழ் மக்கள் பல்லாயிரவர் மடிந்தனர். எதற்கு எச்சொல் பொருந்தும் என்பதைச் சட்ட அறிஞர் ஆராயட்டும். ஆயின் முன்னதை மட்டும் கற்ற பிள்ளையும், பின்னதை மட்டும் கற்ற பிள்ளையும் ஒரே மொழி பேசியும் ஒருவரையொருவர் அறியார். அரைகுறை நினைவு ஆறாத பகையாக முடியும்.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்பது 'மாயிதா' அத்தியாயத்தின் கட்டளை. அநியாயமாக ஓருயிரைக் கொல்வது மனிதகுலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பாகும் என்பதும் அதன் போதனையே. எந்தச் சமூகமும் பிறிதொரு சமூகத்தை எள்ளி நகையாடலாகாது என 'ஹுஜுராத்' அத்தியாயம் தடுக்கிறது. 1994-ல் ருவாண்டாவில் துத்சி மக்களைக் கரப்பான் பூச்சிகள் என வானொலி இழித்துரைத்தது. கொலைவாள் அந்த ஏளனத்தின் வழியே வந்தது. வசைச்சொல் எவ்வாறு வாளாகிறது என்பதே பிள்ளைகள் அறிய வேண்டிய முதற்பாடம்.

ஆகவே ஆலிம் பெருமக்களும் பள்ளி ஆசிரியர்களும் வயதுக்கேற்ற அளவில், பகைமூட்டாது, எவர் குற்றத்தையும் மறைக்காது இவ்வரலாற்றைக் கற்பிப்பாராக. கொன்றவர் யார் என்பதோடு, காத்தவர் யார் என்பதையும் கூறுவாராக. நீதிக்குச் சாட்சியம் கூறும் தலைமுறையை வல்ல நாயன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.