எந்தப் பெட்டகத்தைத் திறப்பது?

சென்ற கிழமை சண்டிலிப்பாய் கல்வளைப் பிள்ளையார் கோவில் வீதியிலே பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். இவ்வூரிற் பிறந்து, நெடுங்காலமாக ரொறன்ரோவில் வாழ்பவர். வயது 68. பழைய வீட்டின் கூரையைத் திருத்துவதற்கு வந்திருந்தார். கூரை வேலை நன்றாகவே முடிந்திருந்தது. ஆயினும் அவர் முகத்தில் மகிழ்ச்சியில்லை. காரணத்தை வினவினோம். அவர் கூறிய கதை, கனடாவிற் பெற்றோரை உடைய நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் வேண்டியதாகையால் இங்கே தருகின்றோம்.

அவரிடம் இரு சேமிப்புகள் இருந்தன. ஒன்று, 1957ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் வழங்கிவரும் ஓய்வூதியச் சேமிப்புத் திட்டம், ஆர்.ஆர்.எஸ்.பி. என்பார்கள். அதில் இடும் பணத்துக்கு அவ்வாண்டு வரி விலக்குண்டு; எடுக்கும்போது அது வருமானமாகக் கொள்ளப்படும். மற்றது 2009இல் வந்த ரி.எவ்.எஸ்.ஏ. வரி கட்டிய பணத்தையே அதில் இடுவதால், எடுக்கும்போது வரியுமில்லை, பத்திரத்தில் அறிவிக்கவேண்டியதுமில்லை.

கூரைக்காக அவர் முதலாவதிலிருந்து 12,000 டொலர் எடுத்தார். வங்கி 20 வீதமாகிய 2,400 டொலரைப் பிடித்துக்கொண்டு மிகுதியைக் கொடுத்தது. “வரிதான் கழித்தாயிற்றே, இனி என்ன?” என்றிருந்துவிட்டார். நம்மவர் பலர் மயங்குவது இவ்விடத்திலேதான். வங்கி பிடிப்பது முற்பணமேயன்றி முடிந்த கணக்கன்று.

சித்திரையில் மகள் கணினியில் வரி மென்பொருளைத் திறந்தார். ரி4 ஆர்.எஸ்.பி. என்னும் சீட்டு, வருமான முகவரகத்திலிருந்து தானாகவே வந்து நிரம்பியது. 22ஆம் பெட்டியிலிருந்த 12,000 டொலர் 12900ஆம் வரியில் வருமானமாயிற்று. 30ஆம் பெட்டியிலிருந்த 2,400 டொலர் 43700ஆம் வரியிற் கட்டிய வரியாயிற்று. முதியவருக்குரிய கழிவுகளெல்லாம் போக, வரி ஏதும் இல்லை. 2,400 டொலரும் திரும்பி வந்தது. வீட்டிலே பாயசம் வைத்தார்களாம்!

ஆடியிலே கடிதம் வந்தது. குறைந்த வருமானமுடைய முதியோருக்குக் கொடுக்கப்படும் ஜி.ஐ.எஸ். என்னும் உதவித்தொகை முந்திய ஆண்டு வருமானத்தைப் பார்த்து யூலை தொடங்கி மறு யூன் வரைக்கும் கணிக்கப்படுவது. வருமானம் ஒரு டொலர் ஏறினால் உதவி ஏறக்குறைய 50 சதம் இறங்கும். வரி இல்லையென்றாலும் அந்த 12,000 வருமானந்தானே? மாதம் 500 டொலர் வரையிற் குறைந்துவிட்டது. அவர் மற்றப் பெட்டகத்தைத் திறந்திருந்தால் ஒரு சதமும் குறைந்திராது. அதிலும் போதிய பணம் இருந்தது என்பதுதான் வேதனை.

மென்பொருளைக் குறைகூற நியாயமில்லை. கொடுத்த சீட்டை அது பிழையறக் கணக்கிட்டது. ஆனால் சீட்டுப் பிறந்தபின் அதனிடம் யோசனை கேட்டுப் பயனென்ன? ஆர்.ஆர்.எஸ்.பி. பணம் வேண்டுமென்றால், 65 வயது நெருங்குமுன்னரே, உழைப்புக் குறைந்த ஆண்டுகளிற் சிறிது சிறிதாக எடுப்பது பலருக்கு நலம். எப்படியும் 71 வயதாகும் ஆண்டின் முடிவுக்குள் அக்கணக்கை மூடியோ மாற்றியோ ஆகவேண்டும்.

சீட்டைக் கையால் நிரப்பும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். முதல் வீடு வாங்க எடுத்த பணம் 27ஆம் பெட்டியில் இருக்கும். அதை 22இல் இட்டால் வீண் வரி வந்து சேரும். அது வருமானமன்று, 15 ஆண்டுகளிலே திருப்பி இடவேண்டிய கடன். ஓராண்டுத் தவணையை இடத் தவறினால் மாத்திரம் அத்தொகை அவ்வாண்டு வருமானத்தோடு கூட்டப்படும்.

பெரியவர் தைப்பொங்கல் முடியும்வரை ஊரில் நிற்க எண்ணியிருந்தார். கனடாவுக்கு வெளியே ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால், எஞ்சிய ஜி.ஐ.எஸ். பணமும் நின்றுவிடும் என்பதை நாம் நினைவூட்டினோம். விரல்விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தார். மறுநாட் காலையிலேயே பயணச்சீட்டை மாற்றுவதற்கு யாழ்ப்பாணப் பட்டினம் புறப்பட்டுவிட்டார்.