புதுசு என்று ஒட்டிய லேபிள்

அண்டர்கிரவுண்ட் மெட்டல் கேட்பவர்களிடையே ஒரு ஜல்லி ஓயாமல் அடிக்கப்படுகிறது. பழைய குழுக்கள் வெறும் இரைச்சல், இப்போது வருபவர்கள்தான் நிஜமான புதுமை செய்கிறார்கள் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையா?

டோனி ஐயோமி பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இயந்திரத்தில் சிக்கி வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடக்கைக்காரர், கிடாரின் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். பிறகு தந்தியைத் தளர்த்தி சுருதியை இறக்கினார். 1971ல் பிளாக் சபாத்தின் மூன்றாவது ஆல்பத்தில் கேட்பது அந்தக் கனம்தான். டூம், ஸ்லட்ஜ் என்று பிற்பாடு எத்தனை பெயர் வைத்தாலும் அடியில் ஓடுவது அதுவே.

1987ல் நேபாம் டெத்தின் 'ஸ்கம்' வந்தது. அதில் ஒரு பாட்டு ஒரு நொடியும் கொஞ்சமும்தான்! பாட்டு என்றால் என்ன என்றே கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் வேகமாக வாசித்தாலும் அது வேகம் மட்டுமே.

நார்வேயின் டார்க்த்ரோன் 1991ல் முதல் ஆல்பத்தை நேர்த்தியான டெத் மெட்டலாகத் தந்தது. அடுத்த ஆண்டே அந்த நேர்த்தியை உதறிவிட்டு, வேண்டுமென்றே கரடுமுரடான ஒலிக்குப் போனது. கையில் இருந்ததைத் தூக்கிப்போடத் துணிச்சல் வேண்டும்.

இன்றைக்கு? மடிக்கணினி இருந்தால் வீட்டிலேயே ஆல்பம் தயார். டிரம்ஸில் அடி தவறினால் மென்பொருள் நேராக்கிவிடும். வசதி தப்பில்லை. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி ஒலித்துவிட்டு, ஆளுக்கொரு புது வகைப் பெயர் சூட்டிக்கொள்வது பம்மாத்து.

புதியவர்களில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. மெஷுகா எட்டுத் தந்தி கிடாருக்குப் போய் தாளத்தையே முறுக்கியது. 2024ல் பிளட் இன்கன்டேஷனின் 'ஆப்சல்யூட் எல்ஸ்வேர்' பலத்த பாராட்டு பெற்றது. அதில் விருந்தாளியாக வாசித்தவர் 1967ல் பெர்லினில் தொடங்கிய டாஞ்சரின் டிரீம் குழுவின் இன்றைய உறுப்பினர். பழசைக் கரைத்துக் குடித்தவர்கள்தான் புதுசாக எதையாவது செய்கிறார்கள்.

பழசுக்குக் கொடி பிடிப்பவர்களும் துள்ள வேண்டாம். 1992ன் அழுக்கு ஒலியை இன்று மென்பொருள் வைத்து அப்படியே பிரதியெடுப்பவர் டார்க்த்ரோனின் வாரிசு அல்ல. டார்க்த்ரோன் உதறியது இந்த மாதிரிப் பாதுகாப்பைத்தான்.

வெளிவந்த வருடத்தைப் பார்த்துப் புதுமையை அளக்க முடியாது. அந்த இசை வருவதற்கு முன் யாருக்கும் தோன்றாத எது, வந்த பின் எல்லோருக்கும் சாத்தியமானது? பதில் இல்லையென்றால், லேபிள் மட்டும்தான் புதுசு.