ஒரே போனில் ரெண்டு ஃபார்வர்டு: வைரஸ், கேன்சர், வாட்ஸப் (த்ரெட்)

எளாவூர் பக்கம் ஏரிக்கரைக் குப்பத்துல இருந்து ஓபி-க்கு ஒரு அக்கா வந்தாங்க (அடையாளம் மாத்தியிருக்கேன்). ஏரியில கையாலேயே இறால் பிடிக்கிறவங்க. மார்புல கட்டி, எட்டு மாசமா. "ஏன்க்கா இவ்ளோ நாள் விட்டீங்க?"ன்னு கேட்டேன். பதிலுக்கு அவங்க தம்பி போனை நீட்டினார்.

முதல் மெசேஜ்: "வைரஸால கேன்சரைக் குணமாக்கிட்டாங்க, கம்பெனிகள் மறைக்குது." அதே குரூப்ல நாலு மெசேஜ் தள்ளி: "தடுப்பூசியில வைரஸ் கலந்துதான் கேன்சரை வரவைக்கிறாங்க. ஆஸ்பத்திரி பக்கம் போகாதீங்க."

சிரிக்காதீங்க. முதல் மெசேஜ்ல பாதி உண்மை இருக்கு.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2014-ல வெளியிட்ட ஆய்வுல, மத்த சிகிச்சை எதுவும் கேட்காத மைலோமா (ரத்தப் புற்று) நோயாளிகள் ரெண்டு பேருக்கு மரபணு மாத்தின தட்டம்மை வைரஸை நரம்பு வழியா ஏத்தினாங்க. ஒரு கோடி பேருக்குத் தடுப்பூசி போடுற அளவு வைரஸ்! ஒருத்தருக்கு நோய் மறைஞ்சது. இன்னொருத்தருக்கு பலன் நிலைக்கல. மறைச்சாங்களா? மருத்துவ இதழ்ல அச்சாச்சு, டிவியில வந்துச்சு.

புற்றுச் செல்கள்ல வைரஸை எதிர்க்கிற காவல் பெரும்பாலும் பலவீனமா இருக்கும். வைரஸ் உள்ள போய்ப் பெருகி செல்லை உடைக்கும். சிதறுறதைப் பார்த்து நம்ம எதிர்ப்பு சக்தியும் முழிச்சுக்கும். 2015-ல அமெரிக்கா மெலனோமா தோல் புற்றுக்கு, 2021-ல ஜப்பான் ஒரு வகை மூளைக் கட்டிக்கு இப்படிப்பட்ட மருந்தை அனுமதிச்சாச்சு. ரெண்டும் ஹெர்பெஸ் வைரஸ். மார்பகப் புற்றுக்கு அனுமதி பெற்ற வைரஸ் மருந்து இல்ல.

இப்ப ரெண்டாவது மெசேஜ். 2017 பிப்ரவரியில தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தப்போ, தமிழ்நாட்டுல எத்தனை பெற்றோர் வாட்ஸப்பை நம்பிப் பிள்ளைகளுக்கு ஊசி வேணாம்னாங்க, ஞாபகம் இருக்கா? மேயோல ஏத்தினது அந்தத் தடுப்பூசி வைரஸ் குடும்பத்துல பிறந்ததுதான். "மறைக்கிற மருந்து"ம் "கலக்கிற விஷம்"மும் இந்த குரூப்புக்கு ஒரே மணல்வாரி வைரஸ்!

ஏன் நம்புறாங்க? கேரன் டக்ளஸ் குழு 2017-ல எழுதின ஆய்வுக் கட்டுரை மூணு தேவைகளைச் சொல்லுது: நடக்குறதுக்கு ஒரு விளக்கம் வேணும், நிலைமை நம்ம கையில இருக்குன்னு தோணணும், நம்ம கூட்டம் தாழ்ந்து போகலன்னு இருக்கணும். அதாவது பயத்தைச் சமாளிக்கிற வழி. ஆனா அது சமாளிக்க உதவுறதில்ல. தடுப்பூசி சதிக் கதைகளைப் படிச்சவங்களுக்குக் கையாலாகாத உணர்வு கூடுது, ஊசி போடுற எண்ணம் குறையுதுன்னு அதே டக்ளஸும் டேனியல் ஜோலியும் 2014-லயே காட்டிட்டாங்க.

இந்த ஏரிக்காரங்க சந்தேகப்படக் கத்துக்கிட்டது வாட்ஸப்ல இல்ல. ராக்கெட் தளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து குடும்பங்களைக் கிளப்பினாங்க. காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து இன்னும் போராடுறாங்க. "உங்க நல்லதுக்குத்தான்"ங்கிறதை அவங்க கேட்டுக் கேட்டுச் சலிச்சாச்சு. அந்தச் சலிப்பை வியூஸா மாத்திக் காசு பண்றவனை நான் மன்னிக்கத் தயாரில்ல. அதே நேரம், ரெண்டு நிமிஷ ஓபி-யில "படிக்காத ஜனங்க"ன்னு முணுமுணுக்கிற நம்ம டாக்டர்களும் அந்த குரூப்புக்கு ஆள் சேர்த்து விடுறோம். நானும் முணுமுணுத்திருக்கேன்.

"அந்த வைரஸ் ஊசி எனக்குப் போடுவீங்களா டாக்டர்?"ன்னு அக்கா கேட்டாங்க. இல்லக்கா, உங்களுக்கு வேற சிகிச்சை இருக்கு, முதல்ல கட்டியில இருந்து சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்னு படம் வரைஞ்சு சொன்னேன். இருபது நிமிஷம் ஆச்சு. வெளியில வரிசை கத்துச்சு. டெஸ்டுக்குச் சம்மதிச்சாங்க, ரிசல்ட் இன்னும் வரல. எட்டு மாசம் முன்னாடியே வந்திருக்கலாம்.

மார்புல கட்டி தட்டுப்பட்டா பக்கத்து பிஎச்சி-யில காட்டுங்க. அந்த ஃபார்வர்டையும் கொண்டு வாங்க, சேர்ந்தே படிப்போம். திட்ட மாட்டேன்.