காட்டுப் பாதையில் போறவங்க வானொலிப் பரீட்சை எழுதணும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். நம்ம ஆலயப் பயணத்துக்குச் சம்பந்தமான விஷயம், பொறுமையா படிங்க.

போன ஆடியில் பழைய தோட்டத்து முனியாண்டி கோயில் பூசைக்கு 5 வண்டியில் போனோம். லயங்கள் எல்லாம் போய், இப்போ சுத்தி செம்பனை, அதைத் தாண்டினால் காடு. கடைசி 11 கிலோமீட்டர் செம்மண் பாதை, கைப்பேசியில் லைன் கிடையாது. திரும்பி வரும்போது மழை பிடிச்சுக்கிச்சு. மூணாவது வண்டி ஒரு முச்சந்தியில் தப்பான பக்கம் திரும்பிட்டது. அதில் சர்க்கரை வியாதி உள்ள ஒரு பாட்டி இருந்தாங்க. அவங்க மாத்திரையும் சாப்பாட்டுக் கூடையும் என் வண்டியில்.

வாக்கி-டாக்கி இருந்ததே என்று கேட்பீங்க. இருந்தது. இணையத்தில் மலிவாகக் கிடைத்ததை நான்தான் வாங்கினேன். முன்னாடி போற வண்டி கண்ணுக்குத் தெரியும்வரை நல்லா கேட்டது, மேடு தாண்டியதும் வெறும் கரகரப்பு. நான் பொத்தானை அழுத்தி அழுத்திக் கத்தியபோது யாரோ ஒருவர் மலாயில் குறுக்கிட்டு, "இது அமெச்சூர் அலைவரிசை, உங்க அழைப்புக் குறி என்ன?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பயத்தில் அணைத்துவிட்டேன். உதவி கேட்டிருக்கலாம் என்பதுகூட அப்போ தோணலை. ஒண்ணரை மணி நேரம் கழிச்சுத்தான் அந்த வண்டியைக் கண்டுபிடிச்சோம். அம்மா புண்ணியத்தில் பாட்டிக்கு ஒன்றும் ஆகலை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. ஃபாக்டரியில் லைசென்ஸ் இல்லாத பையனை ஃபோர்க்லிஃப்டில் ஏற விடமாட்டேன், சொந்தத் தம்பியா இருந்தாலும் சரி. அப்படிப்பட்ட நான், படிக்காத கருவியை நம்பிப் பெரியவங்களைக் காட்டுக்குள் கூட்டிப் போயிருக்கேன். என் கருத்து இதுதான்: வருசா வருசம் அந்தப் பாதையில் போறோம்னா, நம்மில் ரெண்டு பேராவது முறையா அமெச்சூர் வானொலி லைசென்ஸ் எடுத்திருக்கணும்.

விசாரிச்சதைச் சொல்றேன். நம்ம நாட்டில் இதற்கு எம்.சி.எம்.சி. பரீட்சை வைக்கிறது. 'பி' வகுப்பில் பாஸ் பண்ணினால் அழைப்புக் குறி கிடைக்கும். தீபகற்பத்தில் அது 'நைன் விஸ்கி டூ' என்று ஆரம்பிக்கும். சட்டமும் அடிப்படை மின்சாரமும்தான் பாடம். பழைய ஓம் விதி திரும்ப வரும், பயப்படாதீங்க. அது வேணும்தான். 50 வாட் செட் பேசும்போது வண்டி பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். ஃபியூஸ் இல்லாமல் மெல்லிசு ஒயரில் மாட்டினால் வண்டியே எரியும்.

நான் வாங்கியது 5 வாட் கைச் செட். அதையும் வண்டிக்குள்ளே உட்கார்ந்து பேசினேன். வண்டியின் இரும்புக் கூடே அலையை மறைச்சிடும். கூரை மேல் அரை மீட்டர் நீள ஏரியல் ஒன்று வச்சாலே 144 மெகாஹெர்ட்ஸில் பெரிய வித்தியாசம் தெரியும். இந்த அலை பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும், மலை குறுக்கே நின்றால் நின்றுவிடும். அதற்குத்தான் உயரமான இடங்களில் ரிப்பீட்டர் வைத்திருக்கிறார்கள். அது நம்ம குரலை வாங்கி, வேறு அலைவரிசையில் தூரத்துக்கு அனுப்பும். எந்த மலையில் எது இருக்கு, அதற்கு என்ன டோன் போடணும் என்பதைக் கிளம்பும் முன்னாடியே செட்டில் பதிந்து, பேசிப் பார்த்திருக்கணும். முச்சந்தியில் மழையில் நின்று பொத்தான் தேடக் கூடாது.

"வண்டிக்கு வண்டி பேச எல்லாரும் பரீட்சை எழுதணுமா?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. வேண்டாம். அதற்கு 477 மெகாஹெர்ட்ஸ் செட் இருக்கு, தனி லைசென்ஸ் தேவையில்லை. சிரிம் முத்திரை இருக்கான்னு மட்டும் பார்த்து வாங்குங்க. 5 வண்டிக்கும் அது போதும். முதல் வண்டியிலும் கடைசி வண்டியிலும் லைசென்ஸ் உள்ளவர் இருந்தால், வெளியே தகவல் சொல்ல அமெச்சூர் செட். ஆனா அதை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. லைசென்ஸ் இல்லாதவங்க கையில் கொடுத்து "நீ பேசு" என்றும் விடக் கூடாது.

இன்னொருவர், "இப்போ சேட்டலைட் வசதி உள்ள ஃபோனே வந்துடுச்சே" என்றார். இருக்கிறவங்க கொண்டு வாங்க, நல்லதுதான். ஆனா வானொலி ஒரு பழக்கம். அந்தப் பக்கம் காது கொடுக்க ஆள் இருக்காங்க. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானில் தொடர்பெல்லாம் அறுந்தபோது, பாரதி பிரசாத் என்ற அம்மையாரின் அமெச்சூர் குழு போர்ட் பிளேரில் இருந்தது. பொழுதுபோக்குக்கு வந்தவர்கள்தான். அவர்கள்தான் உறவினர்களுக்குச் செய்தி சொன்னார்கள். முன்னாடியே பழகியிருந்ததால் அந்த நேரத்தில் கை நடுங்கவில்லை. என் கை நடுங்கியது.

வானொலி இருந்தாலும் மத்ததை விட்டுடக் கூடாது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துட்டுப் போகணும். மருந்து அந்தந்த ஆளோட வண்டியிலேயே இருக்கணும். முச்சந்தி வந்தால் பின்னாடி வர்ற வண்டி தெரியும்வரை நிற்கணும். இதுக்கெல்லாம் ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை.

சாமி காப்பாத்தும் என்கிறீங்க. காப்பாத்துச்சு. அதுக்காக அடுத்த வருசமும் அவர் தலையிலேயே எல்லாத்தையும் கட்டக் கூடாது.

நான் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பிச்சுட்டேன். எஸ்.பி.எம். முடிச்சு முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, மண்டையில் ஏற நேரம் எடுக்குது. கூடப் படிக்க இளைஞர்கள், குறிப்பா தங்கச்சிமார்களும் வந்தால் நல்லா இருக்கும். வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் அன்னதானக் கூடத்தில் இருப்பேன். அந்த மலிவுச் செட்டையும் கொண்டு வர்றேன், பேட்டரியைக் கழட்டிட்டுத்தான்.

அம்மா துணை.