காணிக்கைத் தட்டில் எங்களை வைத்தது யார்?

ஜிம் எலியட், நேட் செயின்ட், எட் மெக்கல்லி, பீட் ஃபிளெமிங், ரோஜர் யூடேரியன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த ஐந்து பெயரையும் ஒப்பிப்பேன். 1956 ஜனவரி 8-ஆம் தேதி ஈக்வடார் மழைக்காட்டில், குராராய் ஆற்று மணலில், வாவ்ரானி பழங்குடியினரின் ஈட்டிக்குப் பலியான மிஷனரிகள் அவர்கள். எங்கள் பக்கத்துக் கன்வென்ஷன் பந்தல்களில் இந்தக் கதை கேட்காத வருடம் எனக்கு நினைவில்லை. அந்த ஐந்து பேருக்கும், தாய் வயிற்றிலிருந்த ஒன்றையும் சேர்த்து, 9 பிள்ளைகள். அவர்களில் ஒரு பிள்ளையின் பெயரைக்கூட எங்கள் பந்தலில் எந்தப் பிரசங்கியார் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. அப்பா போன அன்று ராத்திரி அந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள், யார் மடியில் தூங்கினார்கள் என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் ஒரு மிஷனரியின் மகள். என் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வடக்குத் திரிபுராவுக்கு, காஞ்சன்பூரையும் தாண்டி, புரூ மக்கள் வாழும் மழைக்காட்டு மலைகளுக்கு ஊழியத்துக்குப் போனார்கள். தம்பி பால்குடி மறக்காதவன், அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு ஆறு வயது. என்னை மிஷனரிப் பிள்ளைகளுக்கென்று நடந்த விடுதியில் விட்டுப் போனார்கள்.

இப்படி ஆரம்பித்தாலே என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். கசப்பின் வேர் என்பார்கள். ஊழியக்காரர் பிள்ளை இப்படிப் பேசலாமா, சபைக்கு இடறல் ஆகாதா என்பார்கள். இத்தனை வருடம் அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

அப்பா அம்மாவிடம் போக வேண்டுமானால் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை. அங்கிருந்து பகலும் ராத்திரியுமாக ஓடி கவுகாத்தி. பிறகு லம்டிங்கிலிருந்து மலைக்குள் புகுந்து புகுந்து போகும் மீட்டர் கேஜ் வண்டி. தர்மநகரில் இறங்கி ஜீப், ஜீப் நிற்கும் இடத்திலிருந்து நடை. கோடை விடுமுறையில் யாராவது ஒரு அண்ணன் எங்களைக் கூட்டிப் போவார். சில வருடம் அதுவும் கிடையாது. தொண்ணூறுகளில் திரிபுரா மலைகளில் ஆள்கடத்தல் அன்றாடச் செய்தி. "அங்கே நிலைமை சரியில்லை, இந்த வருஷம் வேண்டாம்" என்று அப்பா அம்மாவை அனுப்பிய மிஷனின் தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வரும். பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மறுபடி அவிழ்க்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆளுக்கொரு இன்லேண்ட் லெட்டர் கொடுப்பார்கள். எழுதி, ஒட்டாமல், வார்டன் அக்காவிடம் கொடுக்க வேண்டும். "எனக்கு இங்க பிடிக்கல. வந்து கூட்டிட்டுப் போங்க" என்று நான் எழுதியதை அவர் படித்தார். என் கண் முன்னாலேயே கிழித்தார். பிறகு என்னை மண்டியிடச் சொல்லிப் பக்கத்தில் அவரும் மண்டியிட்டு, மெதுவான குரலில், "நீ அழுறதப் பாத்து உங்க அப்பா ஊழியத்த விட்டுட்டு வந்துட்டா, அங்க அழிஞ்சுபோற ஆத்துமா ஒவ்வொண்ணுக்கும் நீதான் கணக்குக் கொடுக்கணும்" என்றார். ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு மலை ஜனத்தின் நரகம் முழுவதையும் ஏற்றி வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும், "நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றுதான் எழுதினேன். அந்த வரியை எடுத்து ஜெபக்கடிதத்தில் அச்சடித்தார்கள். வீடு வீடாக அது போனது. ஆதரவாளர்கள் படித்துச் சந்தோஷப்பட்டார்கள். அம்மாவும் அதைப் படித்துத்தான் நம்பினாள்.

தம்பி அங்கேயே செத்துப்போனான். மூளை மலேரியா. அந்தக் காடுகளில் குளோரோகுயினுக்கு அடங்காத ஃபால்சிபாரம் மலேரியா உண்டு. காய்ச்சல் கண்டு இரண்டாம் நாளே வலிப்பு வந்துவிட்டது. புரூ ஆண்கள் நாலு பேர் மூங்கிலில் துணியைக் கட்டித் தோளில் சுமந்துகொண்டு மலையிறங்கினார்கள். கீழே ஆரம்ப சுகாதார நிலையம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதெல்லாம் அம்மா பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு அவன் சாவு தெரியவந்தது மாலை ஜெபத்தில். அக்கா ஜெபக்குறிப்புகளை வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு பணித்தளத்துக்கு ஜீப் தேவை. ஒரு இடத்தில் ஞானஸ்நான ஆராதனை. அதற்கு அடுத்து, மகனை இழந்த நம் மிஷனரி குடும்பத்தின் ஆறுதலுக்காக என்று சொல்லி அப்பாவின் பெயரை வாசித்தார். நான் முழங்காலில் இருந்தேன். பக்கத்துப் பிள்ளை திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அக்கா அடுத்த குறிப்புக்குப் போய்விட்டார். யாரும் என்னைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்து, "உன் தம்பி போயிட்டான்மா" என்று சொல்லவில்லை. அவன் பெயர் அந்தக் குறிப்பில்கூட இல்லை.

அடுத்த கன்வென்ஷனில் அப்பாவை மேடையேற்றினார்கள். செத்தால்தான் பலன் கொடுக்கும் என்ற கோதுமை மணி வசனத்தை வைத்துப் பிரசங்கம். கையிலிருந்த வளையலைக் கழற்றித் தட்டில் போட்ட தாய்மார்களைப் பார்த்தேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது, அவர்கள் கண்ணீர் உண்மையான கண்ணீர். ஆனால் என் தம்பியின் சாவைச் சொல்லித் தட்டு நீட்டியவர்களை நான் எப்படி மன்னிப்பேன்? என்னையும் மேடைக்குக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார்கள். பாடினேன். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை.

அப்பா அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவா இதை எழுதுகிறேன்? இல்லை. தம்பி போனபின் அம்மா தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போட்டாள். மகளையாவது கூட வைத்துக்கொள்கிறோம், பள்ளிக்கூடம் உள்ள ஊருக்கு எங்களை மாற்றுங்கள் என்று கேட்டாள். கலப்பையில் கைவைத்துவிட்டுப் பின்னிட்டுப் பார்க்கும் வசனத்தின் எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் வந்தது. விசுவாசக் குறைவு என்று கூட்டத்தில் பேசினார்கள். அம்மா அந்த மலையில் பிரசவம் பார்த்தாள், புண்ணுக்கு மருந்து போட்டாள், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஆனாலும் பதிவேட்டில் அவள் மிஷனரியின் மனைவி. அவள் பேச்சுக்கு அங்கே என்ன மதிப்பு?

ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதையை எத்தனை முறை எங்கள்மேல் வைத்துப் பிரசங்கித்திருப்பீர்கள்! அதே அதிகாரத்தில் கத்தியை நிறுத்தச் சொன்ன சத்தமும் இருக்கிறதே, பெரியவர்களே. பிள்ளையாண்டான்மேல் கைபோடாதே என்று கர்த்தருடைய தூதன் தடுத்தானே. அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் ஏன் பிரசங்கத்தை முடித்து ஜெபத்துக்குப் போய்விடுகிறீர்கள்?

இது ஒருத்தியின் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில், கினி நாட்டின் மாமு என்ற ஊரில், கிறிஸ்டியன் அண்ட் மிஷனரி அலையன்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு தன் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப்பள்ளி நடத்தியது. 1971-இல் அதை மூடினார்கள். அங்கே படித்தவர்கள் தலை நரைக்கும் வயதில்தான் வாய் திறந்தார்கள். அவர்கள் விடாமல் போராடியதால் அமைக்கப்பட்ட சுயேச்சையான விசாரணைக் குழுவின் அறிக்கை 1998-இல் வெளியானது. அடி, அவமானம், பாலியல் கொடுமை, எல்லாம் அதில் இருந்தன. பெற்றோரிடம் சொன்னால் ஊழியம் கெடும், ஆப்பிரிக்கர்களின் ஆத்துமா கெடும் என்று சொல்லித்தான் அந்தப் பிள்ளைகளின் வாயையும் அடைத்திருக்கிறார்கள். அதை முதன்முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கடல் தாண்டிய ஊரில், வேறு பாஷையில், என் வார்டன் அக்காவின் அதே வார்த்தை! காங்கோவில் ஊழியம் செய்த பிரஸ்பிட்டேரியன் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமை 2002-இல் வெளியே வந்தது. நியூ டிரைப்ஸ் மிஷன் செனகலில் நடத்திய ஃபாண்டா விடுதிப்பள்ளியைப் பற்றிய அறிக்கை வந்தது 2010-இல். உலகத்துக் காடுகளிலெல்லாம் பழங்குடிகளைத் தேடிப் போன அமைப்பு அது. தன் விடுதிக்குள் அழுத பிள்ளைகளைத் தேடவில்லை.

எனக்கு அந்த மாதிரிக் கொடுமை நடக்கவில்லை. கர்த்தர் காத்தார். ஆனால் நடந்திருந்தால் அதைச் சொல்ல எனக்கு ஒரு வழி இருந்ததா? ஒட்டாத கடிதத்தில் எழுதியா?

புரூ மக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் குடும்பம் என்றால் என்ன என்று கற்றுக்கொடுக்கப் போனோம் என்று ஜெபக்கடிதங்கள் எழுதின. நான் பார்த்ததைச் சொல்கிறேன். மூங்கில் கால்கள்மேல் நிற்கும் வீடு. மலைச்சரிவை எரித்துப் பயிரிடும் ஜூம் காட்டுக்கு விடியும் முன்னே புறப்படும் பெண்கள். முதுகில் துணியால் கட்டிய குழந்தை. களையெடுக்கும்போதும் மிளகாய் பறிக்கும்போதும் அது தாயின் முதுகிலேயே தூங்கும். ஒரு விடுமுறையில் நான் போய் இறங்கியபோது, பக்கத்து வீட்டுக் கிழவி என் தலையைத் தடவிவிட்டு அம்மாவிடம் ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று நான் நச்சரித்தபின் அம்மா சொன்னாள்: "இந்தப் பிள்ளைக்குச் சோறு போட உன்னிடம் நெல் இல்லையா, என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றாளாம். பட்டினி வந்தால்தான் ஒரு தாய் பிள்ளையைப் பிறத்தியார் வீட்டில் விடுவாள் என்பது அவளுக்குத் தெரிந்த நியாயம். 1997-இல் மிசோரமிலிருந்து ஆயிரக்கணக்கான புரூ ஜனங்கள் உயிருக்குப் பயந்து ஓடிவந்து காஞ்சன்பூர் பக்கத்து முகாம்களில் ஒண்டினார்கள். வீடு போனது, நெல் போனது. பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் ஓடிவந்தார்கள்.

எங்களுக்குச் செய்ததை அந்த மலைப் பிள்ளைகளுக்கும் செய்தோம் என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. படிக்க வைக்கிறோம் என்று வடகிழக்கின் ஏழைக் குழந்தைகளை ரயிலேற்றித் தமிழ்நாட்டு இல்லங்களில் கொண்டுவந்து அடைத்தார்கள். அசாமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்து இங்கே மீட்கப்பட்ட பிள்ளைகளின் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் படிப்புக்கென்று வெளிமாநிலம் அனுப்பக் கூடாது என்று அந்த இரண்டு மாநிலங்களுக்கும் 2010-இல் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியதாயிற்று. பாஷை தெரியாமல், சாம்பார் சோறு இறங்காமல், தாய் முகம் மறந்து வளரும் பிள்ளையின் ராத்திரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல ஒரு நீதிபதி தேவைப்பட்டாரா? வேதம் படித்த நமக்கே தெரிந்திருக்க வேண்டாமா?

நான் இன்னும் விசுவாசிதான். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன். அதனால்தான் இந்தப் பாரத்தை உங்கள் முன் வைக்கிறேன். எங்களில் வளர்ந்தவர்களைக் கூப்பிடுங்கள். பாட்டுப் பாடவோ சாட்சி சொல்லவோ வேண்டாம். நடந்ததைச் சொல்லக் கூப்பிடுங்கள். உங்கள் ஆட்கள் யாரும் இல்லாத ஒரு குழு உட்கார்ந்து கேட்கட்டும். கிழித்த கடிதங்களுக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் பதில் கொடுங்கள். பிள்ளைக்காகத் திரும்பி வரும் குடும்பத்தைத் தோற்றவர்கள் என்று பேசுவதை நிறுத்துங்கள். மலை உச்சியில் பள்ளிக்கூடம் இல்லையென்றால் பிள்ளை வளரும்வரை அந்தக் குடும்பத்தைப் பள்ளிக்கூடம் உள்ள அடிவாரத்தில் வையுங்கள். ஜீப் வாங்கப் பணம் திரட்ட முடிந்த உங்களுக்கு இதற்கா முடியாது?

வருகிற கன்வென்ஷனிலும் கடைசி ராத்திரி அழைப்புக் கொடுப்பீர்கள். கைக்குழந்தையோடு ஒரு இளம் தம்பதி எழுந்து முன்னால் வருவார்கள், வராமல் இருக்க மாட்டார்கள். அவர்கள் தலையில் கைவைத்து ஜெபிப்பதற்கு முன், அந்தக் குழந்தை யாரிடம் வளரும், காய்ச்சல் வந்தால் யார் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவார்கள், அது எழுதும் கடிதத்தை யார் பிரிப்பார்கள் என்பதை அந்த மேடையிலேயே, அந்த மைக்கிலேயே, எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.