ஆஸ்கி ஓவியம் மொக்கை புராஜெக்டா?

படத்தை எழுத்தா மாத்துற புரோகிராமெல்லாம் ஒரு புராஜெக்டா என்று உதட்டைப் பிதுக்கும் சீனியர் பெருமக்களே, இது உங்களுக்குத்தான். கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

எங்க நெய்வேலி டவுன்ஷிப்பில் தடுக்கி விழுந்தால் ஒரு இன்ஜினியரிங் மாணவன் மேல்தான் விழணும். முதல் வருஷப் பையன் ஒருத்தன் ஆசையா இதைச் செய்யப்போறேன்னு வந்தால் நீங்க என்ன சொல்றீங்க? "அதுக்கு லைப்ரரி இருக்குடா, ரெண்டு வரி. இல்லைன்னா ஏஐ கிட்ட கேளு, பத்து செகண்ட்ல தரும்." தரும்தான். அவன் என்னத்தைக் கத்துக்கிட்டான்? இப்படிப் பழகினவன்தான் கடைசி வருஷம் காசு கொடுத்து புராஜெக்ட் வாங்கி, வைவாவில் திருதிருன்னு முழிக்கிறான்.

சரி, மேட்டருக்கு வருவோம். நம்ம திறந்தவெளிச் சுரங்கத்தின் போட்டோ ஒண்ணு, 640க்கு 480 பிக்சல். மேலே வெளிறின வானம், நடுவில் மண், அடியில் கருத்த லிக்னைட். 8 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரம்னு கட்டம் போட்டால் வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 30 வரி. கட்டம் ஏன் சதுரமில்லை? திரையில் ஒரு எழுத்துக்கான இடம் அகலத்தைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு உயரம். சதுரமா வெட்டினால் சுரங்கத்து ராட்சத எந்திரம் ஒட்டடைக்குச்சி மாதிரி நீண்டுடும்.

அடுத்து, கலரைச் சாம்பலாக்கணும். நம்ம கண்ணுக்குப் பச்சைதான் அதிகப் பிரகாசம். அதனால்தான் சிவப்பு 0.299, பச்சை 0.587, நீலம் 0.114 என்ற கணக்கு. அப்புறம் வெளிச்சத்துக்கு ஏத்தபடி புள்ளியிலிருந்து @ வரை வரிசை. வெள்ளைத் தாளில் சரியா வந்த அதே வரிசை, கருப்புத் திரையில் லிக்னைட்டை வெள்ளை வெளேர்னு காட்டும்! திருப்பிப் போடணும். இதெல்லாம் பையன் தானே முட்டி மோதிக் கண்டுபிடிக்க வேண்டியது. 1966ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் நோல்ட்டனும் லியான் ஹார்மனும் ஒரு போட்டோவைச் சின்னச் சின்னக் குறிகளா மாத்தினதும் இதே வேலைதான். அது மொக்கையா?

நெசமான பரீட்சை இனிமேதான். @, # எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, தமிழ் எழுத்தில் செய்யச் சொல்லுங்க. "நெய்வேலி" நம்ம கண்ணுக்கு 4 எழுத்து. பைத்தானைக் கேட்டால் 8 என்கும். யூடிஎஃப்-8ல் 24 பைட். கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு. கண்ட இடத்தில் வெட்டினால் கொம்பு அடுத்த வரியில் அனாதையா நிற்கும். சரி, வெறும் ட, ம, ண, ஞ போதும்னாலும் அகலம் ஒத்து வராது. ட ஒல்லி, ண குண்டு. ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அளவுக் கட்டத்தில் வரைஞ்சு, கருப்புப் பிக்சலை எண்ணினால்தான் எது அடர்த்தின்னு தெரியும்.

இது வெறும் படம் காட்டுற வித்தை இல்லைங்க. தமிழ்ப் பெயரை நடுவில் வெட்டிக் கொம்பைத் தொங்கவிடுற சாஃப்ட்வேரை எல்லாம் எழுதுறது யாரு? எழுத்துன்னா என்னன்னு ஒருநாளும் யோசிக்காமலே வேலைக்கு வந்த நம்மாளுங்கதானே?

அதனால அடுத்த தடவை ஒரு பையன் வந்தால் லைப்ரரி பேரைச் சொல்லாதீங்க. நெய்வேலிக்கு எத்தனை எழுத்துன்னு மட்டும் கேளுங்க. மிச்சத்தை அவன் பார்த்துப்பான்.