மஞ்சளா மின்னுனா நல்ல தங்கமா?

தங்கச்சி கல்யாணத்துக்கு அம்மாவோட 3 சவரன் செயினை மாத்தலாம்னு பாகூர்லேர்ந்து பாண்டிக்குப் போனோம். "எப்படி மஞ்சளா இருக்கு பாரு, கலப்படமே இல்ல"ன்னு இருபது வருஷமா அம்மா பெருமைப்பட்ட செயின். மெஷின்ல வச்சாங்க. 75 சதவீதம். அதாவது 18 காரட்!

கூட வந்த சின்னம்மாவோட செயின் கொஞ்சம் சிவப்பா இருக்கும். "செம்புச் செயின்"னு கிண்டல் பண்ணுவோம். அது 91.6, அசல் 22 காரட். அம்மா முகத்தைப் பார்க்க முடியல.

விஷயம் இதுதான் மக்களே. நிறம் வேற, தரம் வேற. சேர்மானத்துல செம்பு கூடினா சிவக்கும், வெள்ளி கூடினா வெளிறும். ரெண்டையும் அளவா சேர்த்தா 18 காரட்கூட மஞ்சளாத்தான் தெரியும். நாம சொல்ற 'சவரன்' இங்கிலாந்துக் காசோட பேரு. அந்தக் காசே 22 காரட்தான். செம்பு சேர்ந்ததால லேசா சிவந்திருக்கும்.

கணக்கு பாருங்க. 24 கிராம்ல 22 கிராம் சுத்தத் தங்கம் இருக்கணும். இருந்தது 18. அரை சவரன் போச்சு! ஊர்ப்பக்கம் தெரிஞ்ச கடை, பில்லும் வாங்கல. யாரைக் கேக்கறது?

2021 ஜூன்லேர்ந்து ஹால்மார்க் படிப்படியா கட்டாயமாச்சு. நகையில பி.ஐ.எஸ். முத்திரை, 22கே916 மாதிரி தரம், ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. மூணும் இருக்கணும். அந்த நம்பரை 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்ல போட்டா விவரம் வந்துடும். தரம் குறைஞ்சா, குறைஞ்ச மதிப்பைப் போல ரெண்டு மடங்கு நஷ்டஈடு கேக்கலாம். 'கே.டி.எம்.'னு சொன்னா மயங்காதீங்க, அது பத்தவைக்கிற முறை, தர முத்திரை இல்ல.

ஆனா வருஷ விற்பனை 40 லட்சத்துக்குக் கீழ இருக்கற கடைக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. சின்னக் கடை பொழைக்கட்டும், சரி. ஆனா வில்லியனூர், பாகூர் பக்கம் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கறவங்க அங்கதானே போறாங்க? பாதுகாப்பு அதிகம் தேவைப்படறவங்களுக்குத்தான் அது இல்ல. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல வருஷத்துக்கு ஒரு நாள் மெஷின் வச்சு இலவசமா சோதிச்சுக் காட்டினா என்னவாம்?

அதுவரைக்கும் கலரைப் பார்க்காதீங்க, நம்பரைப் பாருங்க. பில்லை மறக்காம வாங்குங்க. அம்மா இப்ப கம்மல் வாங்கக்கூட கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் போறாங்க :-)